விமானம் வருமுன்பே 'உயரம் போன' போல் பெர் யார்?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் சின்ன விமானம் ரொம்ப உயரம் ஏறுவதில்லை. ஆனாலும் காது அடைக்கத்தான் செய்யுது. கேபினுக்குள் காற்றழுத்தம் மாறுவதுதான் காரணம். எஞ்சின் அமுக்கிய சூடான காற்றை அளவாக ஆறவைத்து உள்ளே விடுவதால் குளிரும் தெரியாது, மூச்சும் முட்டாது. இந்த ஏற்பாட்டுக்கான அறிவியலைத் தந்தவர், இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்து விஞ்ஞானி போல் பெர்.

1833-ல் பிரான்சின் ஓசேர் ஊரில் பிறந்தவர். தரையிலேயே இரும்பு அறைக்குள் உட்கார்ந்து, காற்றை உறிஞ்சி எடுக்க வைத்தார். நாடி எகிறியது, உடம்புக்கு முடியவில்லை. ஆக்சிஜனை இழுத்ததும் தெளிந்தது. ஆளைச் சாய்ப்பது உயரமல்ல, ஆக்சிஜன் குறைவுதான் என்று நிரூபித்தார்.

குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் இருவரும் 1874-ல் அதே அறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். 1875 ஏப்ரல் 15-ல் திசாந்தியேவுடன் ஜெனித் பலூனில் கிளம்பினார்கள். கொண்டுபோகும் ஆக்சிஜன் பத்தாது என்று வெளியூரிலிருந்த பெர் கடிதம் எழுதினார். அது தாமதமாகிவிட்டது. 8,000 மீட்டருக்கு மேலே இருவரும் இறந்தார்கள். பிழைத்த திசாந்தியேவுக்குக் காது போனது.

1878-ல் பெர் தன் ஆய்வுகளைப் பெரிய நூலாக்கினார். பிறகு அரசியல், கல்வி அமைச்சர் பதவி. 1886-ல் பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாகப் போன ஹனோயில் அதே ஆண்டு இறந்தார்.