யார் இந்த டி.பி.கோலி? சிபிஐ-யின் முதல் இயக்குநர் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஒரு கொலை வழக்கு இழுத்துக்கிட்டே போனா, சிபிஐ வரணும்னு ஒரு குரல் கண்டிப்பா எழும். உள்ளூர் போலீஸால் முடியாததை அவர்கள் முடிப்பார்கள் என்பது நம்பிக்கை. அந்த சிபிஐ-யை உருவாக்கியவர் ஒரு கோலி. விராட் இல்லை, டி.பி.கோலி.

1907-ல் இன்றைய உத்தரப்பிரதேசத்தில் பிறந்தவர். 1931-ல் போலீஸ் பணியில் சேர்ந்து, 1955-ல் டெல்லி சிறப்புக் காவல் அமைப்பின் தலைவரானார். அது துப்பாக்கியோடு துரத்துற வேலை இல்லை. இரண்டாம் உலகப்போர் கொள்முதலில் நடந்த லஞ்சத்தைப் பிடிக்க 1941-ல் தொடங்கிய அமைப்பு அது. பில், டெண்டர், கணக்குப் புத்தகம்... இதெல்லாம்தான் அங்கே தடயம்.

1963 ஏப்ரல் 1-ல் மத்திய உள்துறை போட்ட ஒரு தீர்மானத்தில் சிபிஐ பிறந்தது. அப்போது உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. கோலி முதல் இயக்குநர். விசாரணைப் பிரிவோடு சட்டம், தொழில்நுட்பம், குற்றப் பதிவுகள் என்று தனித்தனிப் பிரிவுகளும் சேர்ந்தன. பிடிப்பதைவிட கோர்ட்டில் நிரூபிப்பதுதான் கஷ்டம் என்பதால் இது முக்கியம். 1965 முதல் கொலை, கடத்தல் போன்ற பெரிய வழக்குகளும் வர ஆரம்பித்தன.

பெரிய சோதனை 1968 பிப்ரவரி 11-ல் வந்தது. ஜனசங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயா, முகல்சராய் ரயில் நிலையம் அருகே தண்டவாளப் பக்கம் பிணமாகக் கிடந்தார். நாடே அரசியல் சதி என்று பேசியது. சிபிஐ சொன்ன பதிலோ சப்பென்று இருந்தது: ரயில் திருடர்கள் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட இருவர் மீதும் கொலை நிரூபணமாகவில்லை, ஒருவருக்கு மட்டும் திருட்டுக்காகத் தண்டனை. பிறகு நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் ஆணையமும் திருடர்கள் செய்த கொலை என்றே முடிவு செய்தது. சந்தேகம் மட்டும் இன்றுவரை போகவில்லை. சப்பையான உண்மையை யாரும் லேசில் நம்புறதில்லையே.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1968 மே 31-ல் கோலி ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பத்மபூஷண் கிடைத்திருந்தது. அவர் பெயரில் சிபிஐ இன்றும் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது.

ஆனால் சிபிஐ-க்கென்று தனிச் சட்டம் அவர் காலத்திலும் வரவில்லை, இன்னும் வரவில்லை. 1946-ன் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தில்தான் வண்டி ஓடுகிறது. அதன் 6-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விசாரிக்க அந்த அரசின் சம்மதம் வேண்டும். தமிழ்நாடு, பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆக, திருச்சுழி வழக்கு ஒன்று சிபிஐ கைக்குப் போக வேண்டுமென்றால் மாநில அரசு அந்த வழக்குக்கென்று சம்மதம் தரணும். இல்லையென்றால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவு போடணும்.