ஒளிகாட்டிய கூன்ஸ்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்னும் பகுதி உள்ளது. மலைமேட்டில் நின்று பகற்பொழுதில் எதிர்ச்சரிவை நோக்குவார்க்கு மரமும் புதரும் ஒரே பச்சைப் பரப்பாகவே தோன்றும். அவற்றினிடையே ஒரு வீடு இருக்குமிடத்தைக் கண்டறிதல் அரிது. இரவில் அவ்வீட்டில் விளக்கு ஒன்று ஏற்றப்பெறின், தொலைவில் உள்ளாரும் அதனை எளிதிற் சுட்டிக் காட்டுவர். சுடர் சிறிதாயினும் சூழ்ந்த இருள் அதனைப் புலப்படுத்திவிடும். உடலினுள் மறைந்து கிடக்கும் நுண்பொருள்களுக்கும் இவ்வாறு விளக்கேற்றலாம் என்று காட்டியவர் ஆல்பர்ட் ஹெவெட் கூன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் ஆவார்.

இவர் 1912 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் கையுறைத் தொழிலாற் பெயர்பெற்ற குளோவர்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். வில்லியம்ஸ் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஹார்வார்டு மருத்துவப் பள்ளியிற் சேர்ந்து 1937 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1939 ஆம் ஆண்டுக் கோடையில் கூன்ஸ் பெர்லின் நகரத்திற்குச் சென்றிருந்தார். இரண்டாம் உலகப் போர் மூளவிருந்த காலம் அது. ஆங்கு அவருள்ளத்தைப் பற்றிய வினா, சிறுவர் பலரைத் துன்புறுத்தும் கீல்வாதக் காய்ச்சலைப் பற்றியது. தொண்டையிற் புண்ணாய்த் தொடங்கும் இந்நோய், புண் ஆறிச் சில வாரங்கள் சென்றபின் மூட்டுகளில் வீக்கத்தை உண்டாக்கும். இதயத்தின் வால்வுகளையும் கெடுக்கும். இந்நோயால் இறந்தோரின் இதயத் தசையில் சிறு முடிச்சுகள் காணப்படுவதை ஆஷாஃப் என்னும் செர்மானிய அறிஞர் 1904 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். தொண்டையைப் பற்றிய கிருமியின் கூறுகள் அம்முடிச்சுகளில் உள்ளனவா, இல்லையா? ஊகித்தோர் பலர், கண்டோர் ஒருவரும் இலர். காண்பதற்கு வழியே இல்லை.

கிருமி புகுந்தவுடன் அதனை எதிர்க்க நம் குருதியில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோலே பொருந்துவது போல, ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளை மட்டுமே தேடிப் பற்றும். அவ்வெதிர்ப்பொருளோடு சாயம் ஒன்றைப் பிணைத்து விடுத்தால், அது பற்றிய இடமெல்லாம் நிறம் பெறும் அன்றோ? இங்கிலாந்து நாட்டு மராக் என்பார் 1934 இல் இம்முறையால் கிருமிகளைச் செந்நிறமாக்கினார். ஆயினும் உடற்றிசுவின் மெல்லிய சீவலில் அந்நிறம் கண்ணுக்குப் புலனாகாத அளவு மங்கியிருந்தது. பகலில் ஏற்றிய விளக்கின் நிலைதான் அது. ஆதலின் கூன்ஸ், நிறம் தரும் சாயத்தை விடுத்து, புறஊதாக் கதிர் பட்டவிடத்துத் தானே ஒளிரும் சாயத்தை நாடினார்.

நாடு திரும்பிய அவர், ஹார்வார்டில் கிரீச், ஜோன்ஸ் என்னும் வேதியியலாரின் துணையோடு, நீல ஒளி வீசும் சாயம் ஒன்றை எதிர்ப்பொருளோடு பிணைத்தார். நிமோனியாக் கிருமிகள் அதனாற் சுடர்ந்தன. இச்செய்தி 1941 இல் வெளிவந்தது. எனினும் ஓர் இடையூறு நேர்ந்தது. உடற்றிசுக்கள் தாமும் புறஊதாக் கதிரில் இயல்பாகவே நீலமாய் ஒளிர்வன. நீலத்துள் நீலம் கலந்தால் தேடியதை எங்ஙனம் காண்பது! பலர் இவ்விடத்தே கைவிட்டிருப்பர். கூன்ஸ் பச்சை ஒளி வீசும் புளோரசீன் என்னும் சாயத்தை மேற்கொண்டார். அதனைப் பிணைப்பதற்கேற்ற வடிவில் ஆக்குதற்குப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வளி வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் உயிர் பல குடித்த வளி அது. எளிதில் ஆளத்தக்க மற்றொரு வடிவம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1958 இல்தான் கிடைத்தது. இடர்ப்பாடு இத்துணை இருந்தும், 1942 இல், நோயுற்ற எலியின் திசுக்களில் கிருமியின் கூறுகள் இருந்த இடங்களைக் கூன்ஸ் குழுவினர் பச்சை ஒளியாற் காட்டினர்.

அதன்பின் போர் அவரைப் படை மருத்துவராகப் பசிபிக் தீவுகளுக்கு அழைத்துச் சென்றது. மீண்டு வந்து, மெல்வின் கப்லான் என்பாரோடு சேர்ந்து 1950 இல் தம் முறையைத் திருத்தி வெளியிட்டார். 1955 இல், எதிர்ப்பொருள்கள் பிளாஸ்மா செல்களில் தோன்றுவதை இம்முறையாலேயே அவரும் துணைவரும் கண்டனர். 1959 இல் லாஸ்கர் விருது அவரை அடைந்தது.

பெர்லினில் எழுந்த வினா என்னாயிற்று எனின், அதற்கு ஒளி தந்தவர் கப்லான். தொண்டைக் கிருமிக்கு எதிராகத் தோன்றும் எதிர்ப்பொருள் மனித இதயத் தசையையும் பற்றுவதை, கூன்ஸின் முறையைக் கையாண்டே அவர் 1960 களின் தொடக்கத்திற் காட்டினார். பகைவனை அழிக்கச் சென்ற படை தன் ஊரையே தாக்குதல் போன்றது அது. வினவியவர் கூன்ஸ், விடையின்பால் வழிகாட்டியவர் அவரோடு உழைத்தவர். ஆய்வுலகில் இவ்வாறு நிகழ்தல் அரிதன்று.

கூன்ஸ் 1978 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் இயற்கை எய்தினார். அழற்சியை ஆராய்வோர் இன்றும் அவர் முறையையே பின்பற்றுகின்றனர். அழற்சி நேரும்போது செல்களில் மிகுதியாய்த் தோன்றும் சைக்ளோஆக்சிஜனேஸ்-2 என்னும் நொதியைக் காண விழைவோர், அந்நொதியையே பற்றும் எதிர்ப்பொருளோடு ஒளிர்சாயத்தைப் பிணைத்துத் திசுவின்மேல் இடுகின்றனர். பற்றாது எஞ்சியதைக் கழுவி நீக்குகின்றனர். பின்னர் இருட்டறையில் நுண்ணோக்கியின்கீழ் வைத்து, எந்தெந்தச் செல் ஒளிர்கின்றது என்று நோக்குகின்றனர்.