விழத் தெரிந்தவர்

போன செமஸ்டர் ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் நான் ஃபெயில். அம்மாவிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது. பொறியியல் நமக்குச் சரிப்பட்டு வராதோ என்று விடுதியில் சுருண்டு படுத்திருந்தபோது, ரூம்மேட் ஒரு பழைய ஊமைப் படக் காட்சியைப் போட்டுக் காட்டினான்.

புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே சாய்கிறது. கீழே ஒருத்தர் அசையாமல் நிற்கிறார். மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் மேல் வந்து விழ, ஆள் தப்பித்துவிடுகிறார். கிராபிக்ஸ் என்று நினைத்தேன். படம் வந்தது 1928-இல்! சுவரின் எடை சுமார் இரண்டு டன். அவர்தான் பஸ்டர் கீட்டன்.

அவர் 1895-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள். சின்ன வயதிலேயே இவரையும் மேடையேற்றினார்கள். சட்டையில் பெட்டியின் கைப்பிடியைத் தைத்து, அதைப் பிடித்து அப்பா இவரைத் தூக்கி எறிவார். அடிபடாமல் விழுவது எப்படி என்று அங்கேதான் கற்றார். தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதையும் அங்கேதான் கவனித்தார். அதனால்தான் கடைசிவரை அந்தச் சிரிக்காத முகம்.

1917-இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் இவரைச் சினிமாவுக்கு அழைத்து வந்தார். வந்ததும் கீட்டன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கேமராவைக் கழற்றி அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தது. நம்ம ஆளுதான்!

அந்தச் சுவர்க் காட்சியையே பாருங்கள். சுவர் அடியில் கீல் போட்டதுபோல் சாய்கிறது. தரையிலிருந்து ஜன்னல் எவ்வளவு உயரமோ, சுவரிலிருந்து அவ்வளவு தூரத்தில்தான் நிற்க வேண்டும். உடம்புக்கும் சட்டத்துக்கும் இடையில் சில அங்குலம்தான். அதைத் துணிச்சல் என்பதைவிடக் கணக்கு என்றே சொல்வேன்.

1926-இல் வந்த தி ஜெனரல் படத்தில் எரியும் பாலத்திலிருந்து நிஜ ரயில் எஞ்சினையே ஆற்றில் விழ வைத்தார். இன்று மாபெரும் படங்களில் ஒன்றாகப் போற்றப்படும் அது அன்று வசூலில் தோற்றது. 1928-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் ஒப்பந்தம் ஆனார். சம்பளம் வந்தது, சுதந்திரம் போனது. அவர் இஷ்டப்படி படமெடுக்க முடியவில்லை. குடி, விவாகரத்து, கடைசியில் 1933-இல் வேலையும் போனது. ஷெர்லாக் ஜூனியர் படப்பிடிப்பில் கழுத்தெலும்பு முறிந்தும் எழுந்து நடந்தவர் இவர். ஆனால் இந்த வீழ்ச்சிக்கு மேடையில் கற்ற வித்தை உதவவில்லை.

எழுந்து வர வருடக்கணக்கானது. அதே எம்ஜிஎம்மில் குறைந்த சம்பளத்துக்கு மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுத்தார். வெட்கப்படவில்லை. 1940-இல் எலினோரை மணந்தார், வாழ்க்கை மெல்ல நிமிர்ந்தது. பழைய படங்களை உலகம் மறுபடி தேடிப் பார்த்தது. 1960-இல் கௌரவ ஆஸ்கார் கையில் வந்தது. 1966-இல் மறைந்தார்.

நாம் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்த ஜாக்கி சானுக்கும் இவர்தான் முன்னோடி. 1987-இல் வந்த தன் படம் ஒன்றில் அதே சுவர்க் காட்சியை அவர் செய்து காட்டினார்.

எனக்கு உறைத்தது இதுதான். கீட்டனுக்கே எல்லா விழுதலையும் அளந்து வைக்க முடியவில்லை. அளக்க முடிந்ததை நான் அளக்காமல் விட்டிருந்தேன். ட்யூட்டோரியலுக்கே ஒழுங்காகப் போகவில்லை, அப்புறம் என்ன புலம்பல்? இந்த செமஸ்டர் அதே பாடத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். வகுப்பில் எல்லாரும் ஜூனியர்கள். கொஞ்சம் கூச்சம்தான். பரவாயில்லை, முகத்தைக் கீட்டன் மாதிரி வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறேன்.