கறுப்புச் சதுரம் தீட்டியவர்

ஓவியர் கசிமிர் மலேவிச் 1879இல் கீவ் நகரில், போலந்து வழிவந்த பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை சர்க்கரை ஆலைகளில் பணிபுரிந்தமையால் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. உக்ரைன் உழவர்கள் வெள்ளையடித்த சுவர்களிலும் அடுப்புகளிலும் கோலமிட்டு அழகுசெய்வதைக் கண்டதே அவருக்கு முதற்கல்வி. பின்னர் கூர்ஸ்க் நகரில் இருப்புப்பாதை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து, ஓவியம் பயில மாஸ்கோ சேர்ந்தார்.

திருப்பம் கவிஞர்களின் தோழமையில் நேர்ந்தது. 1913இல், அகராதிப் பொருளை உதறிய புதுமொழியில் கவிஞர் குருச்சோனிக் எழுதிய 'சூரியன் மீது வெற்றி' என்னும் இசைநாடகத்திற்கு மலேவிச் திரைகளும் உடைகளும் வடிவமைத்தார். ஒரு திரைக்கான வரைவில் சதுரமொன்று கறுப்பும் வெள்ளையுமாகப் பிளந்து நின்றது. கவிஞர் சொல்லைப் பொருளினின்று விடுவிக்க முனைந்தார். ஓவியரோ வடிவத்தைப் பொருள்களினின்று விடுவிக்கத் துணிந்தார்.

1915 டிசம்பரில் பெத்ரோகிராத் கண்காட்சியில் 'கறுப்புச் சதுரம்' தோன்றியது. ரஷ்ய இல்லங்களில் திருவுருவப் படம் வைக்கும் மூலையில், கூரையை ஒட்டி அதனை மாட்டினார். பக்கம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். விளிம்புகள் சற்றே கோணியவை, கையால் தீட்டியது. சதுரம் சுழன்றால் வட்டம், பிரிந்து நகர்ந்தால் சிலுவை. எல்லா வடிவங்களுக்கும் அதுவே வித்து என்பது அவர் கொள்கை. அக்கறுப்பின் அடியில் வேறு இரண்டு வண்ண ஓவியங்கள் புதைந்திருப்பதை 2015இல் அறிவித்த ஊடுகதிர் ஆய்வு காட்டிற்று. வெறுமையெனத் தோன்றியது, அடித்தெழுதிய பின் எஞ்சிய ஒற்றை வரி போன்றது.

1919இல் வித்தெப்ஸ்க் நகரில் ஆசிரியரானார். மாணவர் சட்டைக் கையில் கறுப்புச் சதுரம் தைத்துக்கொண்டனர். ஆனால் காலம் மாறியது. அரூபக் கலை அரசுக்கு ஆகாததாயிற்று. அவர் நடத்திய ஆய்வுக்கழகம் 1926இல் மூடப்பட்டது. 1927இல் பெர்லினுக்குக் கொண்டுசென்ற ஓவியங்களை அங்கேயே விட்டுத் திரும்பினார். 1930இல் கைதுசெய்யப்பட்டு விசாரிக்கப்பட்டார். இறுதி ஆண்டுகளில் மீண்டும் மனித உருவங்களைத் தீட்டினார். எனினும் அவற்றுட் சிலவற்றின் மூலையில், பெயருக்கு மாறாகச் சிறு கறுப்புச் சதுரம் ஒன்றையே ஒப்பமாக இட்டார். பணிந்த கை பணியாததை அங்கே பதித்தது.

1935 மே 15இல் புற்றுநோயால் மறைந்தார். தலைமாட்டில் அச்சதுரம் தொங்கியது. நெம்சினோவ்காவில் அவர் சாம்பலைப் புதைத்த இடத்தின் அடையாளம் போரில் அழிந்தது. பல்லாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டிருந்த சதுரமோ, வெடிப்புகள் ஓடிய மேனியோடு மாஸ்கோவின் திரெத்தியாகோவ் ஓவியக்கூடத்தில் நிலைத்துவிட்டது.