குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார்

மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விடுதியில் என்னோடு இருந்தவர்கள் நான் யாரை எழுதுவேன் என்று ஊகித்திருப்பார்கள். விடியற்காலையில் குளியலறையில் கீர்த்தனை பாடி அடுத்த அறைக்காரர்களிடம் திட்டு வாங்கியவன் நான்தானே! அந்தக் கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை.

1774 செப்டம்பர் 7ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தவர் அவர். தந்தை தேவசகாயமும் புலவர். ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் கவனிப்பில் வளர்ந்தவர். அதனால் இருவருக்கும் இளவயதுப் பழக்கம். வேதநாயகம் தரங்கம்பாடியிலும் படித்துவிட்டு, இருபது வயதை ஒட்டித் தஞ்சைப் பள்ளியில் ஆசிரியரானார்.

அன்று கோயில் ஆராதனையில் பாடியவை பெரும்பாலும் ஜெர்மன் மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டுகள். வெளியே வந்தால் தெருவிலும் அரண்மனையிலும் குறவஞ்சி, கும்மி, நாடகம்! வேதநாயகர் இவற்றை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. 1800ஆம் ஆண்டில் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார்.

குறவஞ்சிக் கதை நமக்குத் தெரிந்ததுதான். உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி ஏங்குவாள், குறத்தி வந்து குறி சொல்லுவாள், அவளைத் தேடிக்கொண்டு வேட்டைக்காரச் சிங்கன் வருவான். வேதநாயகர் இயேசுவைத் தலைவனாக்கினார், சபையைத் தலைவியாக்கினார். குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கும் சிங்கன், ஆத்துமாக்களைத் தேடிப் போகும் ஊழியர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் வானியலையும் உலகப் பூகோளத்தையும்கூட அதிலே பாட்டாக்கிவிட்டார்! நோவாவின் பேழைக்கு ஞானத் தச்ச நாடகம், இறைக்கிறவர்களுக்கு ஞான ஏற்றப்பாட்டு, இன்னும் கும்மி என்று எத்தனையோ எழுதினார்.

இதை ஜனங்களைக் கவரச் செய்த தந்திரம் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவனுக்காக ஏங்குகிற அந்தத் தவிப்பை அவருக்குக் கற்றுக் கொடுத்ததே நம்ம ஊர்ப் பாட்டுத்தான். அந்த மொழியிலேதான் அவர் தன் ஆண்டவரை நேசித்தார். அதற்காக எல்லாவற்றுக்கும் இசைந்து போனவரும் அல்ல. பிள்ளையார் காப்புப் பாடித் தரும்படி சரபோஜி கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்றும், மன்னர் அதைத் தப்பாக எடுக்கவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லுவார்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரக் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். பழைய வேத மொழிபெயர்ப்பையும் பாட்டுகளையும் திருத்துவதையும் எதிர்த்தார். 1829இல் மிஷன் வேலை போயிற்று. சரபோஜிதான் அரண்மனைப் புலவராக ஆதரித்தார்.

தெருப் பாட்டையெல்லாம் கோயிலுக்குள் கூட்டி வந்தவர், பக்கத்தில் ஒரு மனுஷனை உட்கார வைக்க மறுத்தாரே! இரண்டாம் வருஷம் நூலகத்தில் இதைப் படித்தேன். எங்கள் முன்னோர் அந்தத் தனிப்பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். சில மாதம் அவர் கீர்த்தனையை நான் வாயாலே எடுக்கவில்லை. அடுத்த அறைக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

விடுமுறையில் பாட்டியிடம் சொன்னேன். எனக்கு ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான், அதுவும் அவர் கீர்த்தனைகளைக் கொண்டு. எழுதப் படிக்கத் தெரியாது, அத்தனையும் மனப்பாடம். அவர் எந்தப் பாயில் உட்கார்ந்தால் என்ன, பாட்டு நம்ம வீட்டுக்கு வந்து எத்தனை காலமாச்சு என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். சாயங்கால ஜெபத்தில் அவளே ஆரம்பித்தாள். நானும் சேர்ந்து பாடினேன்.

அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் விசுவாசம் பிரசங்கம் கேட்டு வந்ததல்ல, அந்தப் பாட்டுகளால் வந்தது. அதையும் மறைக்க முடியாது.

சாஸ்திரியார் 1864 ஜனவரி 24ஆம் தேதி, தமது 89ஆம் வயதில் காலமானார். இந்தச் சந்திப்பின் மாலை நிகழ்ச்சியில் அவருடைய கீர்த்தனை ஒன்று பாடலாம் என்றிருக்கிறேன். அன்று திட்டிய நண்பர்களும் வந்து, எல்லாரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கூடவே பாடினால் எனக்குச் சந்தோஷம்.