சபையில் கணக்குக் கேட்ட தீரர்

தீரர் சத்தியமூர்த்தி என்றதும் பூண்டி நீர்த்தேக்கமும், காமராஜரின் அரசியல் குரு என்ற பெருமையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஹைதராபாத்வாசியான நான் பட்ஜெட் காலம் வந்தாலே அவரை வேறொரு காரணத்துக்காக நினைத்துக்கொள்கிறேன். சர்க்கார் செலவழிக்கும் பணத்துக்கு ஜனப் பிரதிநிதிகளிடம் பதில் சொல்லியாக வேண்டும் என்று சபையில் ஓயாமல் வாதாடியவர் அவர்.

1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார். 1919-ல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் சென்று வந்தார். சட்டசபைக்குள் நுழைவதே தவறு என்று காங்கிரஸில் பலர் கருதிய நாளில், உள்ளே போய்ப் போராட வேண்டும் என்றவர் அவர். 1923-ல் சென்னை சட்டசபைக்கும், 1934 தேர்தலில் டில்லி மத்திய சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டில்லியில் காங்கிரஸ் கட்சித் தலைவர் புலாபாய் தேசாய். துணைத் தலைவர் சத்தியமூர்த்தி.

அந்தச் சபைக்கு இருந்த அதிகாரம் என்ன? 1919 சட்டப்படி ராணுவச் செலவு, கடன் வட்டி, உயர் அதிகாரிகளின் சம்பளம் போன்றவை ஓட்டுக்கு வரவே மாட்டா. பட்ஜெட்டின் பெரும்பகுதி இப்படியே போய்விடும். மிச்சத்தில் சபை எதையாவது மறுத்தால், அவசியம் என்று ஒரு வரி எழுதி வைஸ்ராய் திரும்பச் சேர்த்துவிடலாம். நிதி மசோதாவைத் தோற்கடித்தாலும் அவர் கையெழுத்தால் அது சட்டமாகிவிடும்.

ஜெயித்தாலும் பயனில்லை என்று தெரிந்தும், நம் தீரர் ஆதாரங்களோடு வந்து நிற்பார். கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி, அதன்மேல் துணைக் கேள்விகள் என்று நிதி மெம்பர் ஸர் ஜேம்ஸ் கிரிக்கைத் திணற அடிப்பார். ஓர் இலாகாவின் மானியத்தில் 100 ரூபாய் குறைக்கத் தீர்மானம் வரும். நோக்கம் அந்த 100 ரூபாய் அல்ல; அந்தச் சாக்கில் இலாகா முழுவதையும் கூண்டில் ஏற்றலாம். சபை மறுத்ததை வைஸ்ராய் திணிக்கும்போதெல்லாம், இது யாருடைய ராஜ்யம் என்பது உலகுக்கே தெரிந்துவிடும்.

அதே காலத்தில் எங்கள் ஹைதராபாத்தில் இந்த அளவுகூடக் கிடையாது. ஸர் அக்பர் ஹைதரி திறமையான நிதி நிர்வாகிதான். ஆனால் நிஜாம் ராஜ்யத்தின் பட்ஜெட்டை நிராகரிக்க ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை எதுவும் இல்லை. 1952 தேர்தலுக்குப் பிறகே அப்படி ஒரு சபை இங்கே அமைந்தது.

1939-ல் சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். 1942 போராட்டத்தில் கைதாகி, சிறையில் உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கேட்ட அதிகாரம் இன்று நம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. மக்களவை மறுத்த மானியத்தைத் திரும்பச் சேர்க்க எந்த வைஸ்ராயும் இல்லை. தணிக்கை அறிக்கைகளை ஆராயப் பொதுக் கணக்குக் குழுவும் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? 2023 மார்ச் 23 அன்று, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகள் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறின. 2018-லும் இப்படியே நடந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் பல இலாகாக்களின் கோரிக்கைகள் கடைசி நாளில் மொத்தமாகவே ஓட்டுக்கு விடப்படுகின்றன.

அதிகாரம் இல்லாத சபையில் அவர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. முழு அதிகாரம் உள்ள சபையில் நம் பிரதிநிதி எத்தனை மானியக் கோரிக்கைகளில் பேசினார்? அங்கத்தினர்கள் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் தங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாமே! தீரருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல அஞ்சலி அதுவாகவே இருக்கும்.