காடு வளர்த்த ஹியூகோ உட்

சாமளாபுரம் நொய்யல் ஆற்றங்கரை ஊர். தறி ஓட்டுவோரும், பனியன் கம்பெனி வேலைக்குப் போவோரும் நிறைந்த ஊர். பல்லடம் தாலுகாவைச் சேர்ந்தது.

பல்லடம் வட்டாரத்தில் பல காடு கழனிகளுக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் தெற்கே ஆனைமலைக் காட்டில் பிறக்கிறது. அந்தக் காட்டின் ஒரு பகுதி ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. அதைத் திரும்பவும் பச்சையாக்கியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர்தான் ஹியூகோ உட்.

கப்பலுக்கும் ரெயிலுக்கும்

ஆனைமலைத் தேக்குக்கு அந்தக் காலத்தில் பெரிய கிராக்கி. பம்பாயில் கப்பல் கட்டத் தேக்கு கேட்டார்கள். ரெயில் வந்ததும், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்கும் மரம் கேட்டார்கள். கேட்கக் கேட்க வெட்டினார்கள். யானைகள் மரத்தை இழுத்து வரும். மலை உச்சியில் இருந்து கீழே உருட்டி விடுவார்கள். உருட்டி விட்ட அந்த இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர். இன்று பொள்ளாச்சியில் இருந்து மக்கள் குடும்பத்தோடு சுற்றுலா போகும் இடம் அது.

1915-ம் ஆண்டை ஒட்டி உட் அங்கே வன அதிகாரியாக வந்தார். கண்ட காட்சி அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படியே போனால், வெட்டுவதற்கு மரம் இருக்காது என்று கண்டார்.

கரும்புக் கட்டை போல...

அவர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். மரத்தை வேரோடு எடுக்கக் கூடாது. அடிக்கட்டையை விட்டு வெட்ட வேண்டும். கரும்பை வெட்டிய பிறகு கட்டை துளிர்க்கிறது அல்லவா? அதுபோலத் தேக்கும் துளிர்க்கும். வெறுமையான இடங்களில் புதிய மரம் நட வேண்டும்.

உத்தரவு போட்டுவிட்டு அவர் பங்களாவில் உட்கார்ந்து விடவில்லை. கோட்டுப் பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து. குழியில் ஒரு விதை. மழையிலும் இப்படி நடந்தார் என்று மலையில் இன்றும் கதை சொல்லுகிறார்கள்.

யாருக்காகக் காடு?

உட் துறவி அல்ல, சர்க்கார் உத்தியோகஸ்தர். மனிதனுக்கு மரம் வேண்டும், நாளைக்கும் வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. யானைக்காகவோ குரங்குக்காகவோ அவர் தேக்கு நடவில்லை.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. வரிசையாக நின்றால் மட்டும் தேக்கு காடாகிவிடாது. கோடையில் தேக்கு இலையை உதிர்த்து விடும். சருகில் தீ எளிதில் பற்றும். சிங்கவால் குரங்குக்கு என்றும் பச்சையான சோலை வேண்டும். இருவாச்சிப் பறவைக்குப் பழமரம் வேண்டும். கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரமும் வேண்டும். மர வியாபாரியின் கண்ணுக்குப் பொந்து மரம் உதவாத மரம். இருவாச்சிக்கோ அதுதான் பிரசவ அறை!

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. கோடரி நின்றதால் மற்ற உயிர்களுக்கும் இடம் கிடைத்தது. அவர் நினைத்துச் செய்தது பாதி. நினையாமல் விளைந்தது பாதி.

அவருக்குப் பிறகு

ஓய்வு பெற்ற உட், குன்னூரில் வசித்தார். 1933-ம் ஆண்டில் காலமானார். தம்மை ஆனைமலையில், தாம் வளர்த்த மரங்களுக்கு இடையே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள்.

அதன் பின் சட்டமும் மாறியது. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் ஆனைமலை சரணாலயமாயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. திருப்பூர் மாவட்டத்து உடுமலை, அமராவதிக் காடுகளும் அதில் சேர்ந்தவை. மரத்துக்கு விலை போட்ட இடத்தில், இப்போது புலிகளைக் கணக்கெடுக்கிறார்கள்.

டாப்சிலிப் அருகே அவர் கல்லறை இருக்கிறது. தம்மைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கலாம் என்ற பொருளில், அதில் லத்தீன் மொழியில் பொறித்திருக்கிறார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய ரென் என்ற சிற்பியின் சமாதியிலும் இதே வாசகம்தான். அங்கே சுற்றிலும் கல். இங்கே சுற்றிலும் தேக்கு.